உலோகமும் ஆதாரமும்: அமீனை இமீனாக்கும் வினையூக்கிகள் பற்றிய ஒரு விசாரணை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு மிகக் குறுகியதாகத் தோன்றக்கூடும். நைட்ரஜனைத் தாங்கிய அமீன் என்னும் சேர்மத்தினின்று ஹைட்ரஜனை நீக்கி அதனை இமீன் என்னும் சேர்மமாக மாற்றுவது. அம்மாற்றத்தைக் கொடிய ரசாயனங்களின் துணையின்றி, நாம் சுவாசிக்கும் காற்றின் ஆக்ஸிஜனைக் கொண்டே நடத்துவது. அதற்கு ஏதேனும் ஓர் ஆக்ஸைடின் மேலோ கரியின் மேலோ பரவி நிற்கும் நானோ அளவுள்ள உலோகத் துகள்களைத் துணைக்கொள்வது: இவ்வளவே அதன் எல்லை. ஆயினும் இந்தச் சிறிய எல்லைக்குள், 1835ஆம் ஆண்டில் பெர்சீலியஸ் வினையூக்கம் என்னும் கருத்தை வகுத்த நாள் முதல் ரசாயன சாஸ்திரத்தைத் தொடர்ந்து வரும் பெருவினா ஒன்று அடங்கியிருக்கிறது. வினையூக்கியின் சக்தி எங்கே உறைகிறது என்பதே அவ்வினா.

உலோகமே தொழில் செய்கிறது, அதன் அடியிலுள்ள பொருள் அதனைச் சுமந்துகொண்டு சும்மா நிற்கிறது என்பது நெடுங்காலமாகப் பலரும் கொண்டிருக்கும் எண்ணம். அவ்வெண்ணம் பாதி உண்மையே என்பது என் துணிபு. உலோகமும், அது அமர்ந்திருக்கும் ஆதாரப்பொருளும், காற்றின் ஆக்ஸிஜனும் ஆகிய மூன்றும் தத்தமக்குரிய காரியத்தைப் பகுத்துக்கொண்டு செய்வதனாலேயே இவ்வினை நிகழ்கிறது. அமீனை இமீன் என்னும் நிலையோடு நிறுத்தும் அரிய பக்குவமும் அந்தப் பகிர்விலிருந்தே பிறக்கிறது. இதுவே இன்று நான் நிறுவ விரும்பும் கொள்கை. அதனை ஏழு கூறுகளாக வகுத்து உங்கள் முன் வைக்கிறேன்.

1. இமீனின் பயன்

ஜெர்மனியில் பிறந்து இத்தாலியைத் தம் பணிக்களமாகக் கொண்ட ஹியூகோ ஷிஃப் என்னும் அறிஞர், ஆல்டிஹைடும் அனிலினும் கூடும்போது நீர் விலகிப் புதியதொரு சேர்மம் விளைவதை 1864ஆம் ஆண்டில் அறிவித்தார். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பைக் கொண்ட அவ்வகைச் சேர்மங்கள் இன்றளவும் ஷிஃப் காரங்கள் என்றே வழங்குகின்றன. அப்பிணைப்பின் ஒரு முனையிலுள்ள கார்பன் எலக்ட்ரான் குறைவினால் பிற மூலக்கூறுகளை வரவேற்று நிற்கிறது. மறுமுனையிலுள்ள நைட்ரஜன், பிணைப்பில் ஈடுபடாத தன் எலக்ட்ரான் இணையைக் கொண்டு உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கிறது. இவ்விரு சுபாவங்களும் ஒரே இடத்தில் கூடியிருப்பதனால் இமீன் பல வினைகளுக்கு வாயிலாக விளங்குகிறது.

ஆல்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு ஆகியவற்றிலிருந்து அமினோ அமிலம் சமைக்க 1850இல் ஸ்ட்ரெக்கர் கண்ட வழி இமீனின் ஊடாகவே செல்வது. பெனிசிலின் 1928இல் கண்டுபிடிக்கப்படுவதற்கு இரண்டு பதிற்றாண்டுகளுக்கு முன்னரே, 1907இல், ஸ்டாடிங்கர் ஓர் இமீனையும் கீட்டீன் என்னும் சேர்மத்தையும் கூட்டி, பிற்காலத்தில் பெனிசிலினுக்கு உயிர்நிலையாக அறியப்பட்ட நான்கு உறுப்பு வளையத்தை ஆக்கிக் காட்டினார். மெட்டோலகுளோர் என்னும் களைக்கொல்லியின் பயனுள்ள கைவடிவத்தை, ஓர் இமீனை இரிடியம் வினையூக்கியால் ஹைட்ரஜனேற்றி, ஆண்டொன்றுக்கு 10,000 டன்னுக்கும் மேலாக உண்டாக்கும் தொழில்முறை 1996இல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் மனிதன் செய்தவை. இயற்கையோ இதனினும் நுட்பமாக இமீனைக் கையாள்கிறது. நம் கண்ணின் விழித்திரையில் ஒளியை ஏற்கும் ரெடினல் என்னும் மூலக்கூறு, ஆப்சின் என்னும் புரதத்தின் லைசின் எச்சத்தோடு இமீன் பிணைப்பினாலேயே கட்டுண்டிருக்கிறது; நாம் ஒருவரை ஒருவர் காண்பதற்கு அப்பிணைப்பும் ஒரு காரணம்.

2. பழைய வழிகளும் அவற்றின் கழிவும்

ஷிஃப் காட்டிய வழி எளியது. ஆல்டிஹைடு கையில் இருக்குமானால் இன்றும் அதுவே நேரான வழி. ஆனால் ஆல்டிஹைடுகளிற் பல காற்றுப் பட்டமாத்திரத்தில் அமிலமாகக் கெடும் இயல்புடையவை. அவற்றையும் முன்னதாக வேறொரு சேர்மத்தினின்று ஆக்கிக்கொள்ள வேண்டும். அன்றியும், நைட்ரஜனையே வளையத்தின் ஓர் உறுப்பாகக் கொண்ட டெட்ராஹைட்ரோ ஐசோகுவினோலின், இண்டோலின் போன்ற அமீன்கள் முன்னரே நம்மிடம் இருக்கும்போது, அவற்றின் வளையத்தைச் சிதைத்து மறுபடியும் கட்டுவதைவிட, இருந்த இடத்திலேயே ஹைட்ரஜனை நீக்கிவிடுவதே விவேகமாகும். இதனாலேதான் அமீனை நேராக ஆக்ஸிஜனேற்றும் வழி தேவைப்படுகிறது.

அத்தகைய வழிகள் முன்பும் இருந்தன. மாங்கனீஸ் டையாக்ஸைடு, பொட்டாசியம் பெர்மாங்கனேட், குரோமியத்தின் ஆறிணைதிறன் உப்புகள், உயர்நிலை அயோடின் சேர்மங்கள் ஆகியவற்றை அமீனோடு நேர் விகிதத்திலோ அதற்கு மேலாகவோ கலந்து ஹைட்ரஜனைப் பறித்தார்கள். இவற்றுள் மாங்கனீஸ் டையாக்ஸைடைப் பன்மடங்கு மிகுதியாகச் சேர்ப்பதே வழக்கம். ஒரு மோல் டைபென்சைல் அமீனுக்குப் பத்து மோல் சேர்த்தோமானால், 195 கிராம் எடையுள்ள இமீனைப் பெறுவதற்காக 870 கிராம் எடையுள்ள கரும்பொடியைக் கலந்து, பின்னர் அதனை வடிகட்டி, சேறாக ஒதுக்க வேண்டியதாகிறது. ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்னும் கணக்கை 1992இல் முன்வைத்த ரோஜர் ஷெல்டன், நுண்ரசாயனத் தொழிலில் அது 5 முதல் 50 கிலோ வரையும், மருந்துத் தொழிலில் 25 முதல் 100 கிலோ வரையும் இருப்பதைக் காட்டியபோது, நாம் உண்டாக்கும் பொருளினும் ஒதுக்கும் பொருளே மிகுதி என்பது தெளிவாயிற்று. அக்கழிவு ஏதோ ஓர் ஆற்றையோ நிலத்தையோ அடைந்தே தீரும் என்பதை நினைக்கும் எவரும் வேறு வழி தேடாமல் இருக்க இயலாது.

3. காற்றின் தயக்கம்

வேறு வழி நம்மைச் சூழ்ந்தே இருக்கிறது. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்ஸிஜன். பென்சைல் அமீனை உதாரணமாகக் கொள்வோம். நான்கு மோல் அமீன், அதாவது சுமார் 429 கிராம், ஒரு மோல் ஆக்ஸிஜனோடு, அதாவது 32 கிராமோடு கூடி, இரண்டு மோல் இமீனை, ஏறத்தாழ 390 கிராமை அளிக்கும். எஞ்சுவன 34 கிராம் அம்மோனியாவும் 36 கிராம் நீருமே. டைபென்சைல் அமீன் போன்ற இரண்டாம் நிலை அமீனைக் கொண்டு தொடங்கினாலோ அம்மோனியாவும் இல்லை. நீர் ஒன்றே மிச்சம். இதனினும் தூய கணக்கை யாரும் எதிர்பார்க்க முடியாது.

ஆயின், பென்சைல் அமீனை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் திறந்து வைத்தால் அது உடனே இமீனாக மாறிவிடுவதில்லை. காரணம் ஆக்ஸிஜனின் எலக்ட்ரான் அமைப்பில் இருக்கிறது. சாதாரண நிலையிலுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்கள் இணை சேராமல், ஒரே திசைச் சுழற்சியோடு நிற்கின்றன. அமீனிலோ எல்லா எலக்ட்ரான்களும் இணை சேர்ந்தவை. இவ்விரு வகை மூலக்கூறுகளும் நேரே கூடி, இணை சேர்ந்த விளைபொருள்களைத் தருவதற்குக் குவாண்டம் விதி இடங்கொடுப்பதில்லை. வனங்களும் நூலகங்களும் நம் உடலும் இந்த ஆக்ஸிஜன் சமுத்திரத்தின் நடுவே எரியாமல் நிலைத்திருப்பதற்கு இத்தடையே பெரிதும் காரணம். அதே தடைதான் ரசாயனவாதியின் கைகளையும் கட்டிவைக்கிறது.

உயிரினங்கள் இத்தடையைக் கடந்திருக்கும் விதம் நமக்குப் பாடமாக அமையத்தக்கது. நரம்பு மண்டலத்தின் அமீன்களைச் சிதைக்கும் மோனோஅமீன் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி, அமீனையும் ஆக்ஸிஜனையும் நேருக்கு நேர் மோதவிடுவதில்லை. முதற்கண் அதிலுள்ள ஃபிளேவின் என்னும் பகுதி அமீனிடமிருந்து ஹைட்ரஜனைத் தான் வாங்கிக்கொண்டு இமீனை விடுவிக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஹைட்ரஜனை ஆக்ஸிஜனிடம் ஒப்படைத்து, ஹைட்ரஜன் பெராக்ஸைடை வெளியேற்றித் தன் பழைய நிலையை அடைகிறது. ஒரு கடினமான காரியம், நடுநிலையாளர் ஒருவரால் இரண்டு எளிய காரியங்களாகப் பிரிக்கப்படுகிறது. உலோகத் துகளிடம் நாம் எதிர்பார்ப்பதும் இந்த நடுநிலைப் பணியேயாகும்.

4. பொன்னின் எழுச்சி

பிளாட்டினத் தூளின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது காற்றில் தானே பற்றிக்கொள்வதை 1823இல் டோபரைனர் காட்டினார். அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் வினையூக்க உலகில் கொடிகட்டிப் பறந்தன. பொன்னுக்கு மட்டும் அங்கே இடமில்லை. எதனோடும் எளிதில் கூடாமையே பொன்னின் பெருமையாதலால், வினையைத் தூண்டும் தொழிலுக்கு அது தகுதியற்றது என்றே கருதப்பட்டது. 1857இல் மைக்கேல் பாரடே பொன்னைச் சிவந்த கூழ்மக் கரைசலாக்கி, நுண்ணிய நிலையில் அதன் நிறமே மாறுவதை ஆராய்ந்து காட்டிய பின்னும், அதன் ரசாயனச் சுபாவமும் மாறக்கூடும் என்று நம்பியவர் மிகச் சிலரே.

1980களில் இந்த நிலை மாறியது. அசிட்டிலீனோடு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்க்கும் வினைக்குப் பொன்னே தலைசிறந்த வினையூக்கியாக இருக்கும் என்று 1985இல் கிரஹாம் ஹட்சிங்ஸ் முன்னறிந்து கூறினார். 1987இல் ஜப்பானின் மசதாகே ஹருட்டாவும் அவர் குழுவினரும், இரும்பு ஆக்ஸைடு முதலிய ஆக்ஸைடுகளின் மேல் சில நானோமீட்டர் அளவில் பரப்பிய பொன், கார்பன் மோனாக்ஸைடை நீர் உறையும் வெப்பநிலைக்கும் மிகக் கீழே, சுமார் −70 டிகிரி செல்சியஸிலும், ஆக்ஸிஜனேற்றுவதை அறிவித்தார்கள். ஹருட்டாவின் பொன் தனித்து நிற்கவில்லை, ஓர் ஆக்ஸைடின் மேலமர்ந்தே அவ்வினையைச் செய்தது என்பதை இங்கே கருத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

நுண்மையினால் விளையும் முதற்பயன் பரப்பின் பெருக்கம். ஒரு கிராம் பொன்னை ஒரே கனசதுரமாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே பொன்னை 4 நானோமீட்டர் விட்டமுள்ள கோளங்களாகப் பிரித்தால், கணக்கின்படி சுமார் 78 சதுர மீட்டர் பரப்புக் கிடைக்கிறது. அத்தகைய கோளம் ஒன்றில் ஏறத்தாழ 2,000 அணுக்களே உள்ளன. இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போனால் அணுக்களில் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே நிற்கும். 561 அணுக்கள் கொண்ட ஒழுங்கான கொத்தில் 252 அணுக்கள் மேற்பரப்பில் உள்ளன. 147 கொண்டதில் 92. 55 கொண்டதில் 42. 13 கொண்டதிலோ நடுவிலுள்ள ஒன்றைத் தவிர மற்றப் பன்னிரண்டும் வெளியில்தான். விளிம்பிலும் முனையிலும் நிற்கும் இவ்வணுக்களுக்குச் சுற்றிலும் துணை குறைவு. ஆகவே வந்து சேரும் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் வேட்கை அவற்றுக்கு மிகுதி.

இங்கே என் கொள்கைக்கு எதிராக ஒரு சான்றை நானே எடுத்துரைப்பது கடமையாகும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஏஞ்சலிசியும் அவர் உடனுழைப்பாளரும், நானோ அளவை எட்டாத, மைக்ரான் அளவுள்ள சாதாரணப் பொன் தூளே இரண்டாம் நிலை அமீன்களை இமீன்களாக மாற்றுவதை 2007இல் வெளியிட்டார்கள். அங்கே நுண்மையும் இல்லை, ஆதாரமும் இல்லை. அவ்வாறாயின் ஆதாரத்தின் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். பொன்னின் பரப்பு தானே இவ்வினையின் மையக் காரியத்தைச் செய்ய வல்லது என்பதை அச்சான்று மெய்ப்பிக்கிறது. அதனை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே பொன்னின் பெரும்பகுதி துகளின் உள்ளே பயனின்றிக் கிடக்கிறது. புரோட்டானை ஏற்கும் பணியையும் வினைக்கு வந்த அமீனே தன் காரத்தன்மையால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வினை நிகழக்கூடும் என்பதற்கும், சிறிதளவு உலோகத்தைக் கொண்டு, விரைவாக, வேண்டிய நிலையில் நிற்குமாறு வினையை நடத்துவதற்கும் உள்ள தூரத்தைக் கடக்கச் செய்வது எது என்பதே நாம் ஆராய வேண்டியது.

5. ஆதாரத்தின் நான்கு தொழில்கள்

ஆதாரப்பொருளின் முதல் தொழில், துகள்களைப் பிரித்து நிறுத்துவது. நுண்துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகித் தம் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ள எப்போதும் முனைபவை. பொன் 1,064 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. கெல்வின் அளவில் அதன் பாதியைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 395 டிகிரி செல்சியஸில் திடநிலையிலேயே அதன் உள்ளணுக்கள் இடம்பெயரத் தொடங்கும் என்பது டாம்மான் விதி. நானோ துகள்களிலும், எல்லாத் துகள்களின் மேற்பரப்பிலும், அப்பெயர்ச்சி அதற்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. பரந்த மேற்பரப்பையும் நுண்துளைகளையும் உடைய அலுமினா, டைட்டானியா, கரி போன்றவை துகள்களை ஆங்காங்கே பற்றி நிறுத்தி இக்கேட்டைத் தாமதப்படுத்துகின்றன.

இரண்டாவது தொழில், துகளின் பிறப்பையே நெறிப்படுத்துவது. ஒவ்வோர் ஆக்ஸைடின் மேற்பரப்பும் கரைசலின் அமிலத்தன்மைக்கு ஏற்ப நேர்மின்னோ எதிர்மின்னோ கொள்ளும். இரண்டும் சமமாகும் பி.எச். மதிப்பு டைட்டானியாவுக்குச் சுமார் 6, அலுமினாவுக்கு 8க்கும் 9க்கும் இடையே, சிலிக்காவுக்குச் சுமார் 2. குளோரோஆரிக் அமிலத்தின் கரைசலில் காரத்தைச் சேர்த்து, பி.எச். 7 முதல் 9 வரையில் நிறுத்தி, பொன்னை ஆக்ஸைடின் மேல் படியச்செய்யும் முறை டைட்டானியாவிலும் அலுமினாவிலும் அழகாகப் பலிக்கிறது. அதே நிலையில் மிகுந்த எதிர்மின் கொண்டிருக்கும் சிலிக்காவோ எதிர்மின் தாங்கி வரும் பொன் அயனிகளை அண்டவிடுவதில்லை. காரநிலையில் பொன்னோடு இணைந்த குளோரைடு ஹைட்ராக்ஸைடுக்கு இடம்விட்டு விலகுவதும் ஒரு நன்மை. ஏனெனில் எஞ்சிய குளோரைடு சூடேற்றும்போது துகள்களைத் திரளச்செய்யும் சத்துரு. ஆகவே 3 நானோமீட்டர்த் துகள் கிடைக்குமா, 30 நானோமீட்டர்த் துகள் கிடைக்குமா என்பதை நிர்ணயிப்பதில் உலோகத்துக்கு நிகராக ஆதாரமும் பங்குகொள்கிறது.

மூன்றாவது தொழில், வினையிலேயே நேராகப் பங்கேற்பது. இவ்வினையின் போக்கைப் பற்றிப் பெரும்பாலும் ஏற்கப்படும் சித்திரம் இது: அமீன் உலோகத்தின் மேல் வந்து படிகிறது, அதன் நைட்ரஜனிலுள்ள ஹைட்ரஜன், ஆதாரத்தின் காரத்தன்மையுள்ள ஆக்ஸிஜனிடமோ அருகிலுள்ள வேறொரு காரத்திடமோ புரோட்டானாகச் செல்கிறது, அடுத்த கார்பனிலுள்ள ஹைட்ரஜனோ தன் எலக்ட்ரான் இணையோடு ஹைட்ரைடாக உலோகத்தைச் சேர்கிறது, இமீன் விடுபடுகிறது, இறுதியாக ஆக்ஸிஜன் வந்து, உலோகத்தின் மேல் தங்கிய ஹைட்ரஜனை நீராக்கி அகற்றுகிறது. புரோட்டான் ஒரு பக்கமும் ஹைட்ரைடு மறுபக்கமும் செல்வதனால், இருவகை இடங்களும் அடுத்தடுத்து நிற்கும் உலோக-ஆதார எல்லையே இவ்வினைக்கு உகந்த களமாகிறது.

நான்காவது தொழில், ஆக்ஸிஜனை அளிப்பது. ஆக்ஸிஜன் மூலக்கூறைத் தானே பிளக்கும் ஆற்றல் பொன்னின் தட்டையான பரப்புக்கு இல்லை. சீரியா போன்ற ஆக்ஸைடோ, சீரியத்தின் நான்கிணைதிறன் நிலைக்கும் மூவிணைதிறன் நிலைக்கும் இடையே எளிதில் மாறி, தன் படிகத்திலுள்ள ஆக்ஸிஜனைக் கொடுத்து, ஏற்பட்ட வெற்றிடத்தைக் காற்றிலிருந்து நிரப்பிக்கொள்கிறது. ஆக்ஸைடு இவ்வாறு கொடுத்து வாங்கும் முறையை 1954இல் மார்ஸும் வான் கிரெவெலனும் ஒரு கோட்பாடாகவே வகுத்திருக்கிறார்கள்.

ஆதாரம் வெறும் சாட்சியல்ல என்பதற்கு 1978ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு சான்றும் உண்டு. டைட்டானியாவின் மேலமர்ந்த பிளாட்டின இன உலோகங்களை 500 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜனால் ஒடுக்கிய பின், அவை ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்ஸைடையும் ஏற்கும் தம் இயல்பையே இழந்துவிடுவதை டாஸ்டரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். ஆதாரத்துக்கு உலோகத்தைத் தூண்டும் வல்லமை மட்டுமல்ல, அடக்கும் வல்லமையும் உண்டு. மேலும் 2011இல் பீஜிங் ஆராய்ச்சியாளர்கள், உலோகமே இல்லாத டைட்டானியா ஒளியின் துணையோடு பென்சைல் அமீனை இமீனாக்குவதை வெளியிட்டார்கள். உலோகமின்றியும் செயற்படவல்ல ஒன்றை, உலோகம் இருக்கும்போது மட்டும் செயலற்றதாகக் கருதுவதற்கு நியாயம் ஏது?

6. நிற்கத் தெரிந்த ஆக்ஸிஜனேற்றம்

வினையைத் தொடங்குவதைவிட உரிய இடத்தில் நிறுத்துவதே கடினம். பாகு காய்ச்சுகிறவர்கள் பதம் தப்பிப்போகாமல் அடுப்பிலிருந்து இறக்குவதில் எத்துணைக் கவனம் கொள்வார்களோ, அத்துணைக் கவனம் இங்கும் வேண்டும். இமீன் ஓர் இடைநிலை. ஹைட்ரஜனை மேலும் இழந்தால் அது நைட்ரைலாகும். நீர் பட்டால் ஆல்டிஹைடாகச் சிதையும். நீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்து தாக்கினால் அமைடும் உண்டாகலாம்.

பென்சைல் அமீன் போன்ற முதல்நிலை அமீனில் இப்போட்டியைக் கண்கூடாகக் காணலாம். முதலில் பிறக்கும் இமீனின் நைட்ரஜனில் இன்னும் ஒரு ஹைட்ரஜன் எஞ்சியிருக்கிறது. அது உலோகத்தை விட்டு அகலாமல் மீண்டும் ஹைட்ரஜனை இழந்தால் நைட்ரைல். அதற்குள் இன்னொரு அமீன் மூலக்கூறு வந்து கூடி அம்மோனியாவை வெளியேற்றினால், நாம் வேண்டும் நிலைத்த இமீன். டோக்கியோவில் யமகுச்சியும் மிசுனோவும் 2003இல் வெளியிட்ட அலுமினாவின் மேலமர்ந்த ருத்தீனியம், முதல்நிலை அமீன்களை நைட்ரைல் வரை கொண்டுசெல்லும் வேகமுடையது. நைட்ரைல் வேண்டுவார்க்கு அது பெரும்பேறு. இதற்கு மாறாக, ஸ்பெயினின் வலென்சியாவில் கோர்மா, கார்சியா முதலியோர் 2009இல் ஆராய்ந்த டைட்டானியாவின் மேலமர்ந்த பொன், பென்சைல் அமீன்களை இமீன் நிலையிலேயே நிறுத்தியது. அதனால், அந்த இமீனை அதே கலத்தில் அடுத்த படியாக இரண்டாம் நிலை அமீனாக மாற்றுவதும் சாத்தியமாயிற்று. அலுமினாவுக்கும் டைட்டானியாவுக்கும் உரிய வேற்றுமையும், ருத்தீனியத்துக்கும் பொன்னுக்கும் உரிய வேற்றுமையும் இங்கே கலந்தே தொழிற்படுகின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பெருமை கொடுப்பது பொருந்தாது.

அதே 2009இல் ஹாங்காங்கில் சே சி மிங் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சியும் போதனை நிறைந்தது. கிராஃபைட்டின் மேலமர்ந்த பொன், பென்சைல் வகை அமீன்களை இமீன்களாக்கியது. நைட்ரஜனில் வேறு தொகுதி ஏறிய டெட்ராஹைட்ரோ ஐசோகுவினோலின்களையோ அமைடுகளாக்கியது. வினையூக்கி ஒன்றே, வந்த அமீன் வேறு. நைட்ரஜனில் நீக்குவதற்கு ஹைட்ரஜன் இல்லாதபோது, மின்னற்ற இமீனாக நின்றுவிட அந்த அமீனுக்கு வழியில்லை. ஆகவே நிறுத்தும் திறனை உலோகத்தின் குணம் என்று மட்டும் கூறாமல், உலோகம், ஆதாரம், வினைப்படு பொருள், நீர், ஆக்ஸிஜனின் அழுத்தம் ஆகிய அனைத்தும் கூடி வகுக்கும் சமநிலை என்று கொள்வதே முறை.

7. சோதனையின் நேர்மை

உலோகமும் ஆதாரமும் கூடியே தொழில் செய்கின்றன என்னும் இக்கொள்கை உண்மையானால், உலோகம் ஆதாரத்தை விட்டுப் பிரிந்துபோகும் வினையூக்கியை நாம் கண்டுபிடித்து விலக்கியாக வேண்டும். அமீனும் அம்மோனியாவும் உலோக அயனிகளைப் பற்றிக் கரைசலுக்குள் இழுக்கும் இயல்புடையவை. தாமிரமும் பல்லேடியமும் இதற்கு எளிதில் இலக்காகின்றன. கரைந்த உலோகமே மெய்யாகத் தொழில் செய்ய, திடப்பொருளுக்கு நாம் புகழ் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலை இதனால் நேரலாம்.

இதனை அறிய ஷெல்டன் வலியுறுத்திய சூட்டு வடிகட்டல் சோதனை எளிதாயினும் கூர்மையானது. வினை பாதியளவு நடந்திருக்கும்போது, வினை நிகழும் வெப்பநிலையிலேயே திடப்பொருளை வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிவான கரைசலில் வினை தொடருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவைத்து வடிகட்டுவது தவறு. ஏனெனில் சூட்டில் கரைந்த உலோகம் ஆறும்போது மீண்டும் ஆதாரத்தின் மேல் படிந்து, குற்றத்தை மறைத்துவிடும். அதேபோல, மறுபயன் சோதனைகளை வினை முற்றுப்பெற்ற நிலையில் மட்டும் நடத்துவதும் போதாது. பாதி ஆற்றலை இழந்த வினையூக்கியும் நீண்ட அவகாசம் கொடுத்தால் நூறு விழுக்காடு காட்டும். ஆகையால் தொடக்க வேகத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நேர்மையான அளவுகோல். உலோகம் அறவே இல்லாத ஆதாரத்தை மட்டும் வைத்து நடத்தும் ஒப்புச் சோதனையும் தவறாமல் வேண்டும். ஆதாரத்தின் பங்கை அறியாதவர் உலோகத்தின் பங்கையும் அறிந்தவராகார்.

முடிவுரை

இத்துறையில் செய்ய வேண்டியவை இன்னும் பல. பென்சைல் வகை அமீன்களில், பென்சீன் வளையத்தை அடுத்த கார்பனின் ஹைட்ரஜன் இயல்பாகவே எளிதில் விலகுவது. நெடுந்தொடர் அலிஃபாட்டிக் அமீன்கள் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. ஒரே அமீனைத் தன்னோடு தான் கூட்டுவதைவிட, பென்சைல் அமீனையும் அனிலினையும் போன்ற இருவேறு அமீன்களைக் குறித்தபடி இணைப்பது கடினமும் பயனும் மிக்கது. பொன்னுக்கும் ருத்தீனியத்துக்கும் மாற்றாக மாங்கனீஸ், கோபால்ட், தாமிரம் ஆகிய எளிய உலோகங்களை உரிய ஆதாரத்தோடு சேர்த்து, அதே பக்குவத்தைப் பெறுவது நம்மைப் போன்ற நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கு இயைந்த பணி. ஏனெனில் அங்கே வேண்டுவது விலையுயர்ந்த உலோகமன்று, சிந்தனையும் பொறுமையுமே.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்று. நீங்கள் ஒரு புதிய வினையூக்கியைப் பற்றி எழுதும்போது, எந்த உலோகம், எத்தனை விழுக்காடு விளைச்சல் என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆதாரப்பொருள் எது, அதன் பரப்பு எவ்வளவு, அமிலத்தன்மையா காரத்தன்மையா, உலோகத்தை எம்முறையால் படியவைத்தீர்கள், வினைக்கு முன்னும் பின்னும் துகளின் அளவு என்ன, கரைசலில் எவ்வளவு உலோகம் கசிந்தது என்பவற்றையும் அதே கவனத்தோடு பதிவு செய்யுங்கள். உலோகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி நமக்கு ஒரு பட்டியலைத் தரும். உலோகத்துக்கும் ஆதாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்வதோ, அடுத்த வினையூக்கியை எண்ணிப் பார்த்து வடிவமைக்கும் சாஸ்திரத்தைத் தரும். கழிவைக் குறைத்து, காற்றையே கருவியாகக் கொள்ளும் ரசாயனத் தொழில் அந்தச் சாஸ்திரத்தின் மேல்தான் நிலைபெற முடியும். அதற்குரிய உழைப்பை மேற்கொள்ளுமாறு உங்கள் அனைவரையும் அன்போடு அழைக்கிறேன்.